கடல் பாலத்துக்கு யார் பெயிண்ட் அடிப்பது?

ஒத்தக்கடைக்காரனுக்கு கடல் பாலத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் ஊரில் யானைமலை இருக்கிறது, கடல் இல்லை. ஆனாலும் புதுச்சேரி கடல் பாலம் இடிந்த படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பழைய கதை கொஞ்சம். பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போனது. அதற்குப் பதிலாக வந்த கான்கிரீட் பாலம் 1962-இல் திறக்கப்பட்டது. கப்பல்கள் ஆழத்தில் நிற்கும். படகில் சரக்கு பாலத்துக்கு வரும். பிறகு சரக்கு நின்றது, சினிமா ஷூட்டிங் வந்தது! 2022 மார்ச்சில், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்த நேரத்தில், ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வயது 60.

"அலை பலமாக அடித்தது, இடிந்தது" என்று முடித்துவிடுகிறோம். அலை கடைசி உதை மட்டும்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அதன் காரத்தன்மை துருப்பிடிக்காமல் காக்கிறது. கடல் உப்பு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காவலை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். தண்ணீருக்குள் முழுசாக மூழ்கிய பகுதியைவிட, நனைந்து நனைந்து காயும் பகுதிதான் சீக்கிரம் கெடும். மதுரையில் ஏ.வி. மேம்பாலம் பிரிட்டிஷ் காலத்திலிருந்து நிற்கிறதென்றால் அது கல் வளைவு. உள்ளே துருப்பிடிக்கக் கம்பி கிடையாது.

சரி, ரிப்பேர் செய்யலாமா? செய்யலாம். ஆனால் நம்ம ஆட்கள் செய்வது போல, பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது ரிப்பேர் இல்லை. உப்பேறிய பழைய கான்கிரீட்டை அப்படியே விட்டு ஒட்டுப் போட்டால், ஒட்டின் ஓரத்திலேயே துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். கெட்டதைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேய்ந்த கம்பிக்குப் புதுக்கம்பி சேர்த்து, தூணைச் சுற்றிப் புதுச் சட்டை போட வேண்டும். துத்தநாகக் கட்டியைக் கம்பியோடு இணைத்தால் கம்பிக்குப் பதில் அது கரையும். (தியாகி என்றால் அதுதான்!) தூணின் அடியில் மணல் அரிக்கிறதா என்று முக்குளித்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் இது ரொம்ப முக்கியம். 1980-களில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபின், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தடைப்பட்டு நகரத்துக் கடற்கரையே காணாமல் போனது. மணல் போனால் தூணின் பிடியும் குறையும்.

இதெல்லாம் வீண் செலவு என்பவர்களுக்கு எங்கள் பக்கத்துப் பாம்பன் பாலத்தைக் காட்டுகிறேன். 1914-இல் திறந்தது. 1964 புயலில் 145 கண்களில் 126 போயின; ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீட்டார்கள். 2022 டிசம்பரில்தான் ரயில் நின்றது. அதே உப்புக் காற்றில் 108 வருஷம்! பழைய காலத்து இரும்பு உசத்தி என்பதால் இல்லை. சுரண்டி, பெயிண்ட் அடித்து, கெட்ட உறுப்பை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ரயில் ஓட வேண்டிய கட்டாயம் இருந்தது.

அங்கேதான் சிக்கலே. சரக்கு நின்றபின் கடல் பாலம் யாருக்கும் அவசியமில்லாமல் போனது. கேரளத்தில் வலியதுறை பாலத்துக்கும் இதே கதிதான்: 1950-களில் கட்டியது, 2021-இல் சரிந்தது, 2024-இல் இரண்டானது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கலாம். துரு சுரண்டியதற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

என் கருத்து இதுதான். பாலம் வேண்டுமென்றால், வருஷா வருஷம் தூண் தூணாகப் பரிசோதித்து அறிக்கையை மக்களுக்குக் காட்டுங்கள். பராமரிப்புப் பணத்தைத் தனிக்கணக்கில் வையுங்கள். வேண்டாமென்றால் முறையாகப் பிரித்து எடுங்கள். இரண்டும் இல்லாமல் "அபாயம், நுழையாதே" போர்டு மாட்டிவிட்டுப் போனால், அடியில் வலை போடப் போகிற மீனவர் அந்தப் போர்டைப் படித்துவிட்டு எங்கே போவார்? அவர் படகுக்கு வழியே அதுதானே.