மெதுவாகத்தான்... ஆனால் எவ்வளவு மெதுவாக?

பியானோ வகுப்பில் நாலைந்து வருடம் தாக்குப்பிடித்த பிள்ளையின் கைக்கு ஒருநாள் வந்து சேரும் ஒற்றைப் பக்க இசைத்தாள் அது. ஷோப்பானின் ‘ஈ மைனர் பிரெலூட்’. ஓபஸ் 28-ல் நான்காவது. மொத்தமே 25 ‘பார்’தான். பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, நம் ஆவர்த்தனம் மாதிரி. வாசித்து முடிக்கச் சுமார் இரண்டு நிமிடம். வலது கையில் பெரும்பாலும் ஒற்றை ஸ்வரங்கள். இடது கையில் மெத்து மெத்தென்று விழுந்துகொண்டே இருக்கும் கார்ட்ஸ். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

தாளின் தலையில் ஷோப்பான் எழுதியிருக்கும் வேகம் ‘லார்கோ’. அகலமாக, நிதானமாக என்று அர்த்தம். பலரும் இதை ‘முடிந்த அளவு மெதுவாக’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் படைப்பின் வரலாறும் அதற்குத் தூபம் போடுகிறது. 1849 அக்டோபர் 30-ம் தேதி, பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் நடந்த ஷோப்பானின் இறுதிச் சடங்கில் இதே பிரெலூட்டை ஆர்கனில் வாசித்தார்கள். அவர் இறந்தபோது வயது 39. இதைக் கேள்விப்பட்ட பிறகு யாருக்குத்தான் விரலை நகர்த்த மனசு வரும்?

ஆனால், அவர் இதைச் சாவுக்கென்று எழுதவில்லை. எல்லா ‘கீ’களுக்கும் ஒன்று என்று மொத்தம் 24 பிரெலூட்கள். அவற்றை எழுதி முடித்தது 1838-39 குளிர்காலத்தில், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில். எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டுடனும் அவருடைய இரண்டு குழந்தைகளுடனும் போயிருந்தார். ஈரமும் குளிரும் இருமலும் படுத்தி எடுத்தன. வால்டெமோசாவில் ஒரு பழைய மடாலயத்தில் தங்கல். பாரிஸிலிருந்து வரவேண்டிய ப்ளெயெல் பியானோ சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, ஊரைவிட்டுக் கிளம்பச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தது. அதுவரை ஏதோ உள்ளூர்ப் பியானோவை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார் மனிதர்.

சரி, வேகத்துக்கு வருவோம். மெட்ரோனோம் எண் எதையும் ஷோப்பான் தரவில்லை. ஆனால் தாளக் குறியைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பிறைபோல ஒரு வளைவு, அதன் குறுக்கே நெட்டுக்குத்தாக ஒரு கோடு. பாருக்கு நான்கு எண்ணாதே, இரண்டு எண்ணு என்பது அதன் பொருள். ஒரு பாரில் இடது கை எட்டு முறை கார்ட் அழுத்துகிறது. அந்த எட்டையும் தனித்தனியாக ‘டொக்... டொக்...’ என்று எண்ணி வாசித்தால் சவ ஊர்வலம். நாலு நாலாகச் சேர்த்து, இரண்டு மூச்சாக வாசித்தால் அது பாட்டு.

இன்னொரு காரணம், வாத்தியமே சொல்வது. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை ஒரே ஒருமுறை அடிக்கும். அந்த நொடியிலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். இங்கே ஆரம்பத்தில் வலது கை ‘பி’ ஸ்வரத்தை முக்கால் பார் பிடித்து, கால் பார் ‘சி’யைத் தொட்டு, திரும்பவும் ‘பி’க்கு வருகிறது. ரொம்ப மெதுவாகப் போனால், ‘சி’ வருவதற்குள் ‘பி’ செத்துப்போயிருக்கும். பிறகு ராகம் ஏது, தனித்தனிப் புள்ளிகள்தான். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஒலி நிற்கும். தேவாலயத்தில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். பியானோ தாங்காது.

‘மைனர் கீ, அதனால்தான் சோகம்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இயல்பான மைனரின் ஸ்வர வரிசை நம்முடைய நடபைரவிதான். அதில் சோகம் மட்டுமா பாடுகிறோம்? இந்தப் பிரெலூட்டில் மேலே ராகம் கிட்டத்தட்ட நகராமல் நிற்கிறது. கீழே கார்ட்ஸ் அரை ஸ்வரம், அரை ஸ்வரமாகச் சரிகின்றன. மொத்தமாகச் சரிவதில்லை. இப்போது ஒரு விரல், அடுத்து இன்னொரு விரல். நிற்பவரின் காலடியில் மண் நழுவுவதுபோல. சோகம் அந்தச் சரிவில் இருக்கிறது. இழுத்து இழுத்து வாசித்தால் ஒவ்வொரு கார்டும் தனியாகக் கேட்கும், சரிவு கேட்காது. இடது கைதான் இசைக்குழு நடத்துனர், அது தாளம் தவறக்கூடாது என்று ஷோப்பான் மாணவர்களிடம் சொல்வாராம். இந்தப் பக்கத்துக்கு அது ரொம்பவே பொருந்தும்.

16-வது பார் வாக்கில் ‘ஸ்ட்ரெட்டோ’ என்று போட்டிருக்கிறார். நெருக்கு, முடுக்கு என்று அர்த்தம். உடனே ‘ஃபோர்ட்டே’. அடக்கி வைத்தது உடைகிற இடம். அதுவரை தவழ்ந்து வந்தவரால் இங்கே திடீரென்று எழுந்து ஓட முடியாது. உடைந்ததும் ஒலி படிப்படியாக அடங்கி, ஒரு மௌனம்.

அதன்பின் மிக மெல்லிய மூன்று கார்டுகள். முதல் கார்டிலேயே ‘ஈ’ இருந்தது, ஆனால் அடியில் இல்லை, அடியில் ‘ஜி’. ‘ஈ’ அடியில் அமர்ந்து, முழு ஈ மைனராக ஒலிப்பது கடைசிக் கார்டில்தான். இதை மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் இடது கையில் பாதி காணாமல் போய்விடும். இயர்போன் போட்டு, ராகத்தை விட்டுவிட்டு, ஒருமுறை இடது கையை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.