கல்லங்குறிச்சிக்குப் போகும் மூட்டைகள்

ராமநவமி நெருங்கினால் அரியலூர் பக்கம் டிராக்டரில் ஆளும் மூட்டையும் கன்றுக்குட்டியும் சேர்ந்து போவதைப் பார்க்கலாம். எங்கே என்று கேட்க வேண்டியதில்லை, கல்லங்குறிச்சிக்குத்தான். கலியுக வரதராசப் பெருமாளுக்குத் திருவிழா.

அங்கே மூலவராக வழக்கமான பெருமாள் சிலை கிடையாது. சுமார் 12 அடி உயரக் கல் கம்பம், அதன் அடியில் அனுமன். மங்கான் என்ற குடியானவரின் சினைப்பசு காணாமல் போய், புதருக்குள் விழுந்து கிடந்த இந்தக் கம்பத்தின் மேல் பால் சொரிந்து நின்றதாம். மாட்டில் தொடங்கிய கோயில் என்பதால் வேண்டுதலும் மாட்டை வைத்துத்தான்: "இது பிழைச்சு எந்திரிச்சா கண்ணுக்குட்டி உனக்குப்பா!" அப்படி நேர்ந்துவிட்ட கன்று, நெற்றியில் மஞ்சள் குங்குமத்தோடு கூட்டத்தில் மிரண்டு நிற்கும். பக்கத்திலேயே ராட்டினம், வளையல் கடை, பொரி கடலை, நீர்மோர்ப் பந்தல்.

ஸ்பெயினின் செவில் நகரச் சந்தையும் மாட்டில் தொடங்கியதுதான். 1847 ஏப்ரலில் கால்நடைச் சந்தையாக ஆரம்பித்தார்கள். இன்று விற்க மாடு வருவதில்லை. குதிரை வண்டி, ஆட்டம், பாட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடாரங்கள். அவற்றில் பெரும்பாலானவை தனியாருடையவை, அழைப்பு இல்லாமல் நுழைய முடியாது. நம்மூர்த் திருவிழாவில் அந்த வம்பு இல்லை. புளிசாதத் தூக்கோடு எந்த மர நிழலிலும் உட்காரலாம்.

நான் கவனிப்பது மூட்டைகளை. விளைச்சலில் முதல் பங்கு பெருமாளுக்கு என்பது இந்த மானாவாரிச் சீமையின் வழக்கம். கம்பும் சோளமும் வரகும் போட்ட காடுகளில் இப்போது மக்காச்சோளமும் பருத்தியும். பெரம்பலூர் பக்கத்திலிருந்து வருபவர் வேறு எதை அளப்பார்? கோழித் தீவனத்துக்குப் போகிற தானியத்தில் பெருமாளுக்கும் ஒரு மரக்கால். அவர் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலத்தை விற்றவர்களுக்குத்தான் அளக்க ஒன்றுமில்லை. அதற்காக வராமல் இருப்பார்களா? உண்டியலில் நோட்டை மடித்துப் போடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அதுதான் கூடுதல் காசாக இருக்கும். இருந்தாலும் எனக்கென்னவோ தலைச்சுமையாக வருகிற மூட்டைதான் உசத்தி.