பசுமைப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டா?

மலேசியாவில் 2017-இல் சீரமைக்கப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், சுற்றுச்சூழல் நிலைத்தன்மை விரவிவரும் கூறுகளில் ஒன்று. எந்தப் பாடத்திலும் ஆசிரியர் அதைச் சேர்த்துக் கற்பிக்கலாம். 2019-இல், சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தியது. 2025-க்குள் அத்தகைய மாணவர்களில் 75 விழுக்காட்டினரை உள்ளடக்கிய கல்வியில் சேர்ப்பது கல்விப் பெருந்திட்டத்தின் இலக்காக இருந்தது.

இரண்டும் நல்ல முடிவுகளே. ஆனால் வகுப்பறையில் இவை ஒன்றுசேர்கின்றனவா என்பதே கேள்வி.

பள்ளித் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பாத்தி தரையோடு இருந்தால், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஓரமாக நின்று பார்க்கத்தான் முடியும். அதையே மேசை உயரத்தில் அமைத்தால் அவனும் நாற்று நடுவான். மறுசுழற்சித் தொட்டிகளில் நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு. நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைக்குத் தொட்டியின் மேல் ஒரு படமோ, தொட்டுணரும் அடையாளமோ வேண்டும். செலவு பெரிதல்ல, ஆசிரியருக்கு அது தோன்ற வேண்டும். அதற்குத்தான் பயிற்சி.

சுற்றுச்சூழலுக்கு ஒரு பட்டறை, சிறப்புக் கல்விக்கு இன்னொரு பட்டறை என்று தனித்தனியாக நடத்தினால், இரண்டையும் இணைக்கும் வேலை ஆசிரியர் தலையில் விழும். 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் ஓர் ஆசிரியரே பல பொறுப்புகளைச் சுமக்கிறார். பாடம் நடத்தும் ஆசிரியரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து, தங்கள் பள்ளிக்கே பாடத்திட்டம் வரையும் பயிற்சிதான் அவருக்கு உதவும். எல்லாரையும் பெயர் சொல்லி அறிந்த சிறிய பள்ளிக்கு இது எளிதும்கூட.

இது வெறும் தோட்ட வேலை பற்றிய பேச்சல்ல. 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பல பள்ளிகள் மூடப்பட்டன. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. இத்தகைய வேளையில் முதலில் தவிப்பது காது கேளாத, நடக்க இயலாத, சொன்னதை உடனே புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகள்தாம். முகக்கவசம் எப்போது அணிவது, வெள்ளம் வந்தால் எங்கே போவது என்பதை அவர்களுக்குப் புரியும் வழியில் சொல்லித் தர ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி எழுப்பலாம்: நம் பள்ளியின் பசுமைத் திட்டத்தில் எந்தப் பிள்ளை வெளியே நிற்கிறது? பதில் கிடைத்தால், ஆசிரியருக்கு என்ன பயிற்சி தேவை என்பதும் தெரிந்துவிடும்.