பெட்டியில் போட்ட எண்ணைப் பார்த்து வைஃபை கார்ட் வாங்காதீர்கள்



கொஞ்சம் காரமான பதிவு. கோபிக்காமல் கடைசி வரை வாசியுங்கள்.

பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஊரே சேர்ந்து டெஸ்க்டொப் கணினிகள் வாங்கிக் கொடுக்கிறது. மாஷா அல்லாஹ், நல்ல வேலை. ஆனால் இன்டர்நெட்டுக்கு என்று கூடவே வருவது நகத்தளவு டொங்கள் ஒன்று. கையளிக்கும் நாளில் போட்டோ எடுக்கும் வரை வேலை செய்யும். அடுத்த கிழமை பிள்ளை வந்து "சேர், லைன் வெட்டி வெட்டிப் போகுது" என்று நிற்கும். உடனே கவரேஜைத்தான் ஏசுகிறோம். வாங்கிய சாமானை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

"ஏசி1200" என்று பெட்டியில் இருந்தால் 1200 மெகாபிட் வரும் என்று அர்த்தமில்லை. 2.4 கிகாஹேர்ட்ஸில் 300, 5 கிகாஹேர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கிப் போட்டிருக்கிறார்கள். கணினி ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும். யூஎஸ்பீ 2.0 போர்ட்டில் செருகினால் அந்தப் போர்ட்டின் உச்சமே 480தான். ரவுட்டரில் 2.4 மட்டும் இருந்தால் 5க்குக் கொடுத்த காசும் வீண்.

டொங்களுக்குள் இருக்கும் அன்டெனா மிகச் சிறியது. அதை இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிச் செருகினால் சிக்னல் எப்படி வரும்? ஏற்கனவே வாங்கியவர்கள் வீச வேண்டாம். யூஎஸ்பீ நீட்டிப்பு வயர் ஒன்று போட்டு மேசைக்கு மேல் வையுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால், வெளியே அன்டெனா உள்ள பீசீஐ எக்ஸ்பிரஸ் கார்ட் வாங்குங்கள். முதலில் மதர்போர்டில் ஸ்லொட் காலியா என்று பாருங்கள். மொடல் எண்ணையும் பாருங்கள். இன்டெல் ஏஎக்ஸ்210ஐ அடெப்டர் கார்டில் பூட்டிப் பாவிக்கலாம். ஏஎக்ஸ்211 அப்படியல்ல, அதற்கென்று அமைந்த இன்டெல் போர்டுகளில் மட்டுமே வேலை செய்யும். ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் காசு போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: வயர் இழுக்க முடியாதா? டெஸ்க்டொப் இடம் மாறும் சாமான் அல்ல. அநேகமான கணினிகளில் லேன் போர்ட் சும்மா கிடக்கிறது. கெட் 5ஈ கேபிள் 100 மீற்றர் வரை 1 கிகாபிட் கொண்டு போகும். கணினி அறைக்கு ஒரு ஸ்விட்ச், நாலு வயர் போதும். "வயர் தொங்கினால் வடிவில்லை" என்கிறார்கள். பாடம் நடுவில் நின்று போவது மட்டும் வடிவா?

"தருகிறவர்களிடம் குறை பிடிக்கலாமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். தருகிறவர்களின் நிய்யத்தில் நாங்கள் குறை காணவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் கூலி வேலை செய்யும் சகோதரரின் 100 ரூபாயும் இருக்கிறது. அது அமானிதம். விசாரிக்காமல் செலவழிக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆகவே பொறுப்பாளர்களே, கடைக்குப் போகுமுன் மதர்போர்டையும் ரவுட்டரையும் போட்டோ எடுத்து, விபரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்குங்கள். ஊரில் ஐசிடி ஆசிரியர்கள் இருக்கிறோம். கேட்டால் இன்ஷா அல்லாஹ் கூடவே வருவோம்.