சம்சாரி வீட்டில் கூட்டுக் கணக்கு

விதை, உழவு, உரம் முதலியவற்றைப் பற்றி இப்பத்திரிகையில் மாதந்தோறும் எழுதப்பட்டு வருகின்றது. ஆனால் அவற்றை வாங்குவதற்கு வேண்டிய ரொக்கம் யார் பெயரில் இருக்கின்றது, அவசரத்தில் அதை எடுக்கக்கூடியவர் யார் என்னும் விஷயம் அதிகமாகக் கவனிக்கப்படுவதில்லை. மானாவாரிச் சாகுபடிக்கு இதுவும் விதையைப் போலவே முக்கியமானதாகையால், புருஷனும் மனைவியும் சேர்ந்து ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வதைப் பற்றி என் அபிப்பிராயத்தை இங்கே எழுதுகின்றேன்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் அநேக குடும்பங்களுக்கு வரும்படி இரண்டு வழியாக வருகின்றது. ஒன்று, பருத்தி, மக்காச்சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து ஆகியவற்றால் வெள்ளாமை முடிந்தபின் வருவது. மற்றொன்று, பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் கிடைக்கும் வாரக் கூலி. இக்கூலியில் பெண்மக்களின் பங்கு சிறிதன்று. புரட்டாசி, ஐப்பசியில் மழை இறங்கியவுடன் விதைக்கும் உழவு வாடகைக்கும் முதலில் கைகொடுப்பது பல வீடுகளில் இந்தக் கூலியும் தீபாவளி போனஸுமே. ஆயினும் பட்டா பெரும்பாலும் புருஷன் பெயரில் இருப்பதால், பயிர்க் கடனும், பயிர் இன்ஷூரன்ஸ் தொகையும், விளைபொருள் விற்ற கிரயமும் அவர் ஒருவருடைய கணக்கிலேயே சேருகின்றன. 2019-ம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பட்ட பிரதம மந்திரி கிஸான் திட்டத்தின்படி வருஷம் ஒன்றுக்கு மூன்று தவணைகளில் கொடுக்கப்படும் 6,000 ரூபாயும், நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருடைய கணக்குக்கே வருகின்றது. பயிருக்கு முதல் போடுவதில் இருவரும் பங்காளிகள். பணத்தை எடுக்கும் அதிகாரமோ ஒருவருக்கே.

இதனால் நேரும் கஷ்டத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நல்ல மழை பெய்து காடு விதைப்புக்குப் பதமாக இருக்கின்றது. அச்சமயத்தில் புருஷன் நோயாகி மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கணக்கில் பணம் இருக்கின்றது. மனைவியின் கையெழுத்துக்கு அது கிடைக்காது. பாங்கியும் வட்டிக்கடையும் காத்திருக்கும். மண்ணின் ஈரம் காத்திராது. ஒரு வாரத்தில் பதம் போய்விட்டால் அந்தப் பருவமே போயிற்று. ஆகவே அவள் கம்மலை அடகு வைத்து விதை வாங்குகின்றாள். சொந்தப் பணம் பாங்கியில் கிடக்க, அடகுக்கு வட்டி கட்டுவது எவ்வளவு பரிதாபம்! புருஷன் காலமாகிவிட்டாலோ, நியமனதாரரும் இல்லாத கணக்கானால், வாரிசுச் சான்றுக்காகத் தாலுக்கா ஆபீஸுக்கு அலைய வேண்டியதுதான். பட்டாசுத் தொழிலின் அபாயத்தை இப்பக்கத்தாருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மனைவியின் கூலிப் பணம் அவள் ஒருத்தி பெயரில் மட்டும் இருந்து, அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால், பிள்ளைகளுக்கும் இதே கஷ்டம் உண்டாகும்.

கூட்டுக் கணக்குகள் யாவும் ஒரே விதமானவை அல்ல. 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் எவர் ஒருவரும் பணம் எடுக்கலாம். ஒருவர் காலமானால் மற்றவர் பெற்றுக்கொள்ளலாம். 'முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில், முதற் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவரால் ஒரு காசும் எடுக்க இயலாது; ஆகவே மேற்சொன்ன ஆஸ்பத்திரிக் கஷ்டத்துக்கு இது பரிகாரமாகாது. 'இருவரும் சேர்ந்து' என்ற முறையில் இரண்டு கையெழுத்தும் வேண்டும். தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் ஆரம்பிக்கலாம். அங்கே இருவரும் கையொப்பமிடுவதை 'ஏ' வகை என்றும், எவரேனும் ஒருவர் எடுக்கக்கூடியதை 'பி' வகை என்றும் சொல்லுவர். பாரத்தில் எந்த முறைக்கு நேரே குறியிடப்படுகின்றது என்பதைக் கேட்டறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

இதற்கு இரு பக்கத்திலும் ஆக்ஷேபணை உண்டு. பெண்கள் கணக்கு வழக்கு அறியார் என்பர் சில ஆடவர். 1989-ம் வருஷத்தில் தர்மபுரி ஜில்லாவில் ஆரம்பமாகிப் பின்னர் தமிழ்நாடெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில், பெண்களே பாங்கிக் கணக்கைக் கூட்டாக நடத்திக் கடனையும் திருப்பிக் கட்டி வருகின்றனர். பலருடைய பணத்தைக் காப்பவளுக்குத் தன் வீட்டுப் பணத்தைக் காக்கத் தெரியாதென்பது பொருந்தாது.

பெண்கள் சொல்லும் ஆக்ஷேபணை இதைவிட வலுவுள்ளது. "என் சிறுவாட்டையும் அதில் போட்டுவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்?" என்கின்றனர். 2016-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டபோது, அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருந்த சிறுவாடெல்லாம் வீட்டாருக்குத் தெரிய வெளியே வர நேரிட்டது. சிறுவாடு சேர்ப்பது வஞ்சனையன்று. கெட்ட காலத்துக்கு ஒரு காவல். அது பானையில் இருப்பதைவிட அவள் பெயரில் தனிக் கணக்கில் இருப்பதே க்ஷேமம். 2023-ம் வருஷம் செப்டம்பர் மாதம் முதல் மாதம் 1,000 ரூபாய் வீதம் கொடுக்கப்படும் மகளிர் உரிமைத் தொகையும் அவள் சொந்தக் கணக்கிலேயே இருக்கட்டும். சீதனம் மனைவிக்கே உரியது, புருஷன் வீட்டில் இருப்பதனால் மட்டும் அது பொதுச் சொத்தாகிவிடாதென்று சுப்ரீம் கோர்ட்டார் 1985-ம் வருஷத்திலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றனர்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. 'இருவரில் ஒருவர்' என்ற கணக்கை எவர் ஒருவரும் ஒரே நாளில் காலி செய்துவிடலாம். குடியோ சூதாட்டமோ புகுந்த வீட்டுக்கு இம்முறை ஆகாது. அங்கே இரண்டு கையெழுத்து முறையையோ தனிக் கணக்கையோ வைத்துக்கொள்வதே உத்தமம்.

ஆகவே என் யோசனை இது: புருஷனுக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒரு கணக்கு, சாகுபடிக்கென்று இருவருக்கும் பொதுவாக 'இருவரில் ஒருவர்' முறையில் ஒரு கணக்கு. வெள்ளாமை விற்ற பணத்தில் அடுத்த பருவத்தின் விதை, உழவு, உரத்துக்கு வேண்டியதைப் பொதுக் கணக்கில் முதலில் ஒதுக்கிவிட வேண்டும். கூலியிலிருந்து மனைவி போடுவதையும் நோட்டில் அவள் பெயரில் வரவு எழுத வேண்டும். மூன்று கணக்குகளுக்கும் நியமனதாரரைக் குறிப்பிடுவது அவசியம். 2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி முதல் பாங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. வாரிசுகளின் பாத்தியதை அதனால் அழிந்துவிடாது.

பெயர் இரண்டாக இருந்து, பாஸ் புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் டெலிபோனுக்கு வரும் செய்தியும் ஒருவரிடமே இருந்தால், அது பெயரளவில்தான் கூட்டுக் கணக்கு. மாதம் ஒருமுறையேனும் இருவரும் உட்கார்ந்து பாஸ் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் விதைக்க நினைக்கும் சம்சாரி கோடையிலேயே காட்டை உழுது போடுகின்றார். அந்தக் கோடையில் ஒரு நாள் தம்பதிகள் இருவரும் பாங்கிக்குச் சேர்ந்து போய்வந்தால், மழை நாளில் கம்மல் அடகுக்குப் போகாது.

— விவசாய டிமான்ஸ்டிரேட்டர், ஆமத்தூர்