மேடையில் கேட்ட மாலுமி

நெடுநாள் நேசித்த இசைக்குழுவை மேடையில் பார்க்கக் கூடாது, மனத்திலிருக்கும் பாடல் கலைந்துவிடும் என்பது எங்கள் நண்பன் ஒருவனின் கட்சி. கல்லூரி நாட்களில் அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' (1984) ஒலிநாடாவைப் பிரதியெடுத்துத் தந்து எங்களைக் கெடுத்தவனே அவன்தான். 2008 பிப்ரவரி 1 அன்று அக்குழு மும்பையில் வாசித்தபோது அவன் வரவில்லை. மற்ற நால்வரும் சென்னையிலிருந்து ரயிலேறினோம்.

அத்தொகுப்பின் கடைசிப் பாடல் 13 நிமிடங்களுக்கும் மேல் நீள்வது. 1798இல் வெளிவந்த கோல்ரிட்ஜின் முதிய மாலுமிக் கதைப்பாடலைத் தழுவி ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியது. பாடப்புத்தகத்துக்கு முன்பே கோல்ரிட்ஜ் எங்களுக்கு அறிமுகமானது இப்படித்தான். மாலுமிகள் ஒவ்வொருவராய் மடிந்து விழும் இடத்தில் இசையும் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. பேஸ் கிதாரும் கப்பல் மரம் முனகும் ஓசையுமே மிஞ்சுகின்றன. அறையில் கேட்கையில் அவ்விடத்தில் பொறுமையிழந்து நாடாவை ஓட்டிவிடுவோம். மைதானத்தில் அதற்கு வழியில்லை. பெருங்கூட்டத்தோடு இருளில் காத்து நின்றோம்.

ஒலித்தெளிவில் நாடாவே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் திருமணத்துக்குப் போகிறவனைக் கிழவன் வழிமறிக்க, அவன் நகர முடியாமல் கதை கேட்பதில்தானே அக்கவிதை தொடங்குகிறது! அத்தனை ஆண்டுகள் பாடல் எங்கள் விரலுக்குக் கட்டுப்பட்டிருந்தது. அன்று நாங்கள் அதற்குக் கட்டுப்பட்டோம்.

மனத்திலிருந்த பாடல் கலைந்தது உண்மைதான். கலைந்த பிறகே அதை முழுதாகக் கேட்டோம் என்று ஊர் திரும்பி நண்பனிடம் சொன்னோம். அவன் இன்றுவரை ஏற்கவில்லை.