கிராமங்களிலிருந்து கடற்கரைக்கு நேரடிப் பேருந்து வேண்டி அளிக்கப்படும் கோரிக்கை மனு

பெறுநர்: போக்குவரத்து ஆணையர், சுற்றுலாத் துறை இயக்குநர், புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழக மேலாண் இயக்குநர்

அனுப்புநர்: வில்லியனூர், பாகூர் கொம்யூன் பேருந்துப் பயணிகள் சங்கம்

பொருள்: முகத்துவாரம், கடற்கரை ஊர்களுக்குப் பேருந்து வசதி

சங்கராபரணி ஆறு வில்லியனூரைக் கடந்து, அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிந்து வங்கக் கடலில் கலக்கிறது. சுண்ணாம்பாற்றங்கரையில் நோணாங்குப்பம் படகுக் குழாம் உள்ளது. அங்கிருந்து படகேறினால் முகத்துவாரத்தை ஒட்டிய பாரடைஸ் கடற்கரை வரும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்திய அரிக்கமேடு இருக்கிறது. நீலக்கொடிச் சான்று பெற்ற சின்ன வீராம்பட்டினம் கடற்கரையும் இப்பகுதியிலேயே அமைந்துள்ளது. தெற்கே பாகூர் கொம்யூனில் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் ஆகிய மீனவ ஊர்கள் உள்ளன.

இவ்விடங்கள் வில்லியனூருக்குத் தென்கிழக்கே இருந்தும், பேருந்தை நம்பியிருப்போர் கிழக்கே புதுச்சேரி பேருந்து நிலையம் சென்று, கடலூர் பேருந்துக்கு மாறி, மீண்டும் தெற்கே வர வேண்டியுள்ளது. நரம்பை, பனித்திட்டு செல்லக் கிருமாம்பாக்கத்தில் இறங்குவோருக்கு நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரை வரையிலான தூரம் நடை அல்லது ஆட்டோ. குழந்தைகளுடன் வரும் குடும்பத்துக்கு ஆட்டோ கட்டணமே பெரும் செலவாகிறது. சொந்த வண்டி உள்ளவருக்கு மட்டுமே கடற்கரை எளிதாகிறது. வண்டிகள் பெருகப் பெருக மணல்வெளி வாகன நிறுத்தமாக மாறுகிறது.

சங்கம் கோரும் நேரடிப் பேருந்துகள் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமானவை அல்ல. அதிகாலையில் மீன் கூடையுடன் சந்தைக்குப் புறப்படும் பெண்களுக்கும், பள்ளி, மருத்துவமனை செல்வோருக்கும் அதே தடம் பயன்படும். காலையிலும் மாலையிலும் உள்ளூர் மக்கள், இடைப்பட்ட நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் என நாள் முழுதும் வண்டிக்கு ஆள் சேரும்.

எனவே சங்கம் கோருவன:

1. வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாக நோணாங்குப்பத்துக்கு நேரடிப் பேருந்து இயக்க வேண்டும்.

2. பாகூரிலிருந்து கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியாக நரம்பை, பனித்திட்டு ஊர்களுக்குச் சிற்றுந்து விட வேண்டும். அதில் மீன் கூடை வைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும்.

3. வில்லியனூர் நிலையத்தில் ரயில் வரும் நேரத்துக்கு ஏற்பப் பேருந்து நேரத்தை அமைக்க வேண்டும். கடைசிப் படகில் கரை திரும்புவோரை ஏற்றிய பின்னரே கடைசிப் பேருந்து புறப்பட வேண்டும்.

4. நிறுத்தங்களில் நிழற்குடை, விளக்கு, தமிழில் நேர அட்டவணை ஆகியவற்றை அமைக்க வேண்டும்.

5. மாசி மகம், வீராம்பட்டினம் ஆடித் தேரோட்டம் ஆகிய நாட்களில் இரு கொம்யூன்களிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் இயக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 87 திருவிழாக்களுக்கும் குறிப்பிட்ட தற்காலிகத் தேவைகளுக்கும் நான்கு மாதங்களுக்கு மேற்படாத தற்காலிக அனுமதிச் சீட்டு வழங்க இடமளிக்கிறது. நிரந்தரத் தடங்கள் முடிவாகும் வரை, இப்பிரிவின் கீழ் முதல் இரு தடங்களிலும் சோதனை ஓட்டம் நடத்தலாம். அதில் ஏறுவோர் எண்ணிக்கையைப் பதிவு செய்து, அதன் அடிப்படையில் நிரந்தரச் சேவையை முடிவு செய்யுமாறு சங்கம் வேண்டுகிறது.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையைச் சங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.